நாற்காலியில் தொடங்கிய படிப்பு: மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமியின் முதல் இரண்டு பள்ளி ஆண்டுகள்

பதிவின் எல்லை

பல்லடத்துக்கும் சோமனூருக்கும் இடைப்பட்ட விசைத்தறிக் கிராமம் ஒன்றில் 2022 செப்டம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை நடந்தவை இவை. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியையாக நான் நேரில் பார்த்ததையும், எங்கள் இயன்முறை மருத்துவரும் வகுப்பாசிரியையும் குறித்து வைத்ததையும், பெற்றோர் சொன்னதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். பெற்றோர் சம்மதம் கொடுத்தார்கள். ஊரும் பேரும் வேண்டாம் என்றார்கள். வீட்டில் அவளை அம்மிணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கொங்கு நாட்டில் பெண் குழந்தைகளுக்கெல்லாம் பொதுவான செல்லச் சொல் அது என்பதால் இங்கும் அதையே வைத்துக்கொள்கிறேன்.

பின்னணி

அம்மிணி 2018 ஜனவரியில், 31ஆவது வாரத்திலேயே பிறந்தவள். எடை 1,350 கிராம். 26 நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். கழுத்து நிற்கத் தாமதம், குப்புற விழத் தாமதம். ஒன்றரை வயதில் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் உள்ளறைகளைச் சுற்றிய வெள்ளைப் பகுதியில் பாதிப்பு தெரிந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு அடிபட வாய்ப்பு அதிகமுள்ள இடம் அது. கால்களுக்குப் போகும் நரம்புப் பாதை அங்கே உள்ளறைகளை ஒட்டிச் செல்வதால் கைகளைவிடக் கால்கள்தான் இறுகும். மூளை முடக்குவாதம் என்ற இந்நிலையில் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு வளராது. ஆனால் குழந்தை வளர வளரத் தசை இறுக்கத்தால் மூட்டுகளும் எலும்புகளும் மாறிக்கொண்டே போகும். இந்த இரண்டாவது பகுதியைப் பெற்றோருக்கு அப்போது யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அப்பா தறிக்குடோனில் தறி ஓட்டுகிறார், அம்மா அதே குடோனில் தார் போடுகிறார், அதாவது தறிக்கான ஊடை நூலைச் சிறு குச்சிகளில் சுற்றுகிறார். அப்பாவின் அம்மா, ஆத்தா, வீட்டில் இரண்டு ஆடுகளோடு இருக்கிறார். அரசு மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சி 2020 மார்ச் ஊரடங்கில் நின்றது. அப்போது குழந்தைக்கு 2 வயது. அதன்பிறகு எண்ணெய் தேய்ப்பவர் ஒருவரிடம் சில மாதங்கள். தனியார் இடம் ஒன்றில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடுவாள் என்று சொல்லி 3 லட்சம் ரூபாய் கேட்டிருக்கிறார்கள். அப்பா தோட்டத்தை அடமானம் வைக்கும் யோசனையில் இருந்தார். மூளை முடக்குவாதத்துக்கு அந்தச் சிகிச்சை நிரூபிக்கப்பட்டதல்ல என்பதையும், ஆய்வுக்கு வெளியே அதைக் காசு வாங்கிக்கொண்டு செய்யக்கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழிகாட்டுதல் சொல்வதையும் நாங்கள் விளக்கிய பிறகு அந்தப் பேச்சு நின்றது. இந்த வேலையில் குழந்தையைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

2022 செப்டம்பரில் அங்கன்வாடிக்கு வந்த பள்ளிச் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழு, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கும் எங்களுக்கும் பரிந்துரைத்தது. அப்போது அவளுக்கு 4 வயது 8 மாதம்.

முதல் சந்திப்பில் கண்டவை

தறிக்குடோனின் மூலையில், கழிவு நூல் சாக்கின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கால்கள் உள்ளே திரும்பி, பாதங்கள் இரண்டும் வெளியே, ஆங்கில டபிள்யூ எழுத்தைப் போல. இரண்டு கைகளும் தரையில் ஊன்றியிருந்தன. படப் புத்தகத்தை நீட்டினேன். பார்த்தாள், வாங்கவில்லை. மடியில் வைத்தேன். பக்கத்தைத் திருப்ப ஒரு கையை எடுத்ததும் பக்கவாட்டில் சரிந்தாள். அப்புறம் அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லை. அங்கன்வாடிப் பதிவேட்டில் "ஆர்வம் காட்டுவதில்லை" என்று எழுதியிருந்ததன் பொருள் அங்கே விளங்கியது.

நான் தரையில் உட்கார்ந்து, அவளை என் தொடைமேல் முன்னோக்கி உட்காரவைத்து, இடுப்பை இரு பக்கமும் அழுத்திப் பிடித்தேன். அவள் பாதங்களை என் பாதங்கள்மேல் ஊன்றவைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இரண்டு கைகளாலும் பக்கங்களைத் திருப்பத் தொடங்கினாள். ஆட்டுக்குட்டிப் படம் வந்ததும் விரலை அதன்மேல் வைத்து, வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஆத்தாவின் ஆடு கட்டியிருந்த திசை அது.

அந்த நொடிதான் இந்த நேர்வு முழுவதையும் வழிநடத்தியது. விழாமல் இருப்பதே அவளுக்கு முழுநேர வேலையாக இருந்திருக்கிறது. அந்த வேலையிலிருந்து அவளை விடுவித்தால் மற்றவற்றுக்குக் கையும் கவனமும் மிஞ்சும்.

பேச்சில் ஏறக்குறைய 30 சொற்கள், தெளிவில்லாமல். வீட்டில் யாரும் அவளிடம் அதிகம் பேசுவதாகவும் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "தறிச் சத்தத்துல என்னத்தைங்க பேசறது, எல்லாங் கைச்சாடைதானுங்க" என்றார். குழந்தையும் சாடையில் சரளமாக இருந்தாள்: தண்ணீர், பசி, வா, வேண்டாம், ஆடு. காது கேளாமை இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு பெரா பரிசோதனை செய்தார்கள். கேட்டல் சரியாக இருந்தது.

அம்மா அன்று இன்னொன்றும் சொன்னார்: "கண்ணு ஒண்ணு அப்பப்ப மூக்குப் பக்கம் போகுதுங்க டீச்சர்." அதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதோடு சரி. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இயன்முறை மருத்துவரின் கணிப்பு: இரு கால் இறுக்க வகை மூளை முடக்குவாதம், ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற ஐந்து நிலை வகைப்பாட்டில் மூன்றாம் நிலை. இந்நிலைக் குழந்தைகள் பெரும்பாலும் வாக்கர் போன்ற கைப்பிடிச் சாதனத்தோடு நடப்பார்கள். கைகளை நன்றாகப் பயன்படுத்த, உட்காரும்போது இடுப்புக்கோ உடம்புக்கோ தாங்கல் தேவைப்படும்.

நடைக்காகப் பள்ளி காத்திருக்க வேண்டுமா?

பெற்றோரின் கேள்வி இதுதான். "மொதல்ல நடக்கட்டுமுங்க டீச்சர், அப்புறம் பள்ளிக்கூடம் போயிக்கலாம்" என்றார் அப்பா. ஆத்தாவின் மறுப்பு வேறு: "பத்துப் பேரு வேடிக்கை பாக்கறதுக்கா என்ற பேத்தியெ அனுப்பறது?"

நாங்கள் மூன்று முறை வீட்டுக்குப் போனோம். மூன்றாம் முறை இயன்முறை மருத்துவர் மறைக்காமல் பேசினார். இந்நிலைக் குழந்தைகள் உடல் இயக்கத்தில் எட்டக்கூடியதன் பெரும்பகுதியை 5 வயதுக்குள் எட்டிவிடுகிறார்கள். அம்மிணி வாக்கரோடு நடப்பாள், எதையும் பிடிக்காமல் நடப்பாள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. எழுத்தும் எண்ணும் நட்பும் கற்கும் வயதோ இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா கடைசி வரை உட்கார்ந்து கேட்டார். இரண்டு வாரம் கழித்து அப்பாவே போன் செய்து, "எந்தப் பள்ளிக்கூடமுங்க?" என்று கேட்டார்.

22 கி.மீ. தொலைவில் ஒரு சிறப்புப் பள்ளி. தினமும் பயிற்சி, வேன் வசதி. 600 மீட்டரில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, இரண்டு ஆசிரியர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 31ஆம் பிரிவு, 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு உள்ள 6 முதல் 18 வயதுக் குழந்தைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைத் தருகிறது. தேர்வு குடும்பத்துடையது. எங்கள் கருத்தைக் கேட்டார்கள், சொன்னோம்: அறிவுத்திறனில் பெரிய தடை இருப்பதாகத் தெரியவில்லை, பேச்சு வளர, பேசும் பிள்ளைகள் சுற்றிலும் வேண்டும், வேனில் போக வர இரண்டரை மணி நேரம் இறுகிய கால்களோடு உட்காருவது கெடுதல். சிறப்புப் பள்ளியில் பயிற்சி கூடுதல் என்பதையும் மறைக்கவில்லை. அம்மா சொன்ன காரணமே முடிவானது: "பக்கத்துல இருந்தா நாம் போயிப் பாத்துக்குவேனுங்க."

இருக்கை

சேர்க்கை 2023 ஜூனில். மே மாதமே பள்ளிக்குப் போய் அளந்தோம். இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் செங்கோணத்தில் நிற்க வேண்டும், பாதம் முழுதும் பலகையில் படிய வேண்டும் என்பதுதான் கணக்கு. உட்காரும் உயரம் 25 செ.மீ., ஆழம் 23 செ.மீ. என்று வந்தது. ஊர் ஆசாரி ஒருவர் நாற்காலி செய்தார். தொடைகள் ஒட்டாமல் நடுவில் ஒரு கட்டை, இடுப்புக்கு ஒரு வார், முன்னால் வயிற்றுக்கு வளைவு வெட்டிய மேசை. முழங்கை இரண்டும் மேசையில் தாங்கும். பலகைக்கு 2,300 ரூபாய் ஆனது; கூலி அவர் வாங்கவில்லை.

பெருமையோடு கொண்டுபோய் வைத்தோம். ஒரு வாரத்தில் குறை தெரிந்தது. அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் ஒன்று முதல் மூன்று வரை உள்ள பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகத் தரையில் வட்டமாக உட்காருவார்கள். அட்டைகளும் மணிகளும் தரையில் கிடக்கும். அம்மிணி மட்டும் அவர்கள் தலைக்கு மேலே, தனியாக.

தீர்வு தறிக்குடோனிலிருந்து கிடைத்தது. கழிவு நூலை இறுக்கி அடைத்த சாக்கு உருளை ஒன்றை அம்மா தைத்துக் கொடுத்தார். குதிரையில் ஏறுவதுபோல் அதன் இருபுறமும் கால் போட்டு உட்கார்ந்தால் தொடைகள் விரியும், இறுக்கம் தளரும், முதுகு நிமிரும். உயரமும் மற்ற பிள்ளைகளோடு ஒத்துப்போகும். அதுவே ஒரு பயிற்சி. அன்று முதல் எழுத நாற்காலி, குழு வேலைக்கு உருளை. காலி நூல் கோன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது கைக்கான பயிற்சியாயிற்று. மற்ற பிள்ளைகளும் போட்டி போட்டு அடுக்கியதால் பயிற்சி என்று அவளுக்குத் தெரியவே இல்லை.

நிலைவாரிக் குழு முறை எங்களுக்குக் கைகொடுத்தது என்பதைச் சொல்லவேண்டும். வகுப்பே பிரிந்து உட்காருகிறது. அவளுக்கென்று தனிப் பாடம் நடப்பதாக யாருக்கும் தோன்றவில்லை.

முதல் பருவத்தில் நடந்தவை

ஆகஸ்ட் 25 அன்று காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கும் வந்தது. அதற்கு முன், இரவு ஷிப்ட் முடித்து வரும் அப்பாவும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் அம்மாவும் அவளை அரைவயிற்றோடு கொண்டுவந்து விட்ட நாட்கள் உண்டு. உப்புமா அவள் கரண்டியிலிருந்து உதிர்ந்துவிடும், பொங்கல் நிற்கும். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கி, விளிம்பு உயர்ந்த தட்டு வைத்தோம். அக்டோபரில் உப்புமாவையும் தானே சாப்பிட்டாள். சமையலம்மா அதைப் பார்த்துக் கண் கலங்கினார்.

அதே அக்டோபரில் கடுமையான காய்ச்சல் வந்தது, சிறுநீர்த் தொற்று. மருத்துவர் தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாள் என்று கேட்டபோதுதான் கவனித்தோம். காலை 8:30 முதல் மாலை 4 மணி வரை அவள் ஒரு வாய்கூடக் குடிப்பதில்லை. கழிப்பறைக்குத் தூக்கிப்போகச் சொல்ல வெட்கப்பட்டு, தானாகவே கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. ஐந்தே முக்கால் வயது. கைச்சாடையில் எல்லாவற்றையும் சொல்லத் தெரிந்த குழந்தை இதைச் சொல்லவில்லை; நாங்களும் கேட்கவில்லை.

மறுவாரமே ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கழிப்பறையில் பொருத்தி, சுவரில் பிடிகம்பி அடித்தோம். 11 மணிக்கும் 2:30க்கும் அம்மா வந்து போக, குடோன் முதலாளி அனுமதித்தார். வகுப்பில் "தண்ணி மணி" என்று எல்லாப் பிள்ளைகளும் குடிக்கும் நேரம் ஒன்றை ஆசிரியை ஏற்படுத்தினார். அவளுக்காக என்று சொல்லாமல் அனைவருக்குமாக வைத்ததை நான் அவருடைய நல்ல முடிவுகளில் முதலாவதாக எண்ணுகிறேன்.

பிள்ளைகள் அவளை ஒதுக்குவார்கள் என்று ஆத்தா பயந்தார். நடந்தது நேர்மாறு. பென்சில் விழுந்தால் நான்கு பேர் ஓடிவந்தார்கள். கேள்வி கேட்டால் அவளுக்கு முந்திப் பதில் சொன்னார்கள். சாடை காட்டினால் மொழிபெயர்த்தார்கள். அவள் வாய் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. "அவ கேட்டாத்தான் செய்யோணும்" என்று ஆசிரியை ஒரு விதி வைத்தார். கேட்பதென்றால் வாயால். இரண்டு வாரம் சிரமப்பட்டாள், அழுதாள். அம்மாவுக்கும் வருத்தம். நவம்பர் முடிவில் பக்கத்துப் பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

எண் தெரியும் என்பது விளையாட்டில்தான் வெளிவந்தது. கண்ணாமூச்சியில் அவளால் ஒளிய முடியாது என்று எண்ணும் வேலையை எப்போதும் அவளுக்கே கொடுத்தார்கள். ஒருநாள் ஆசிரியை ஜன்னல் வழியாகக் கேட்டார்: குழறலாக, ஆனால் ஒன்று விடாமல் இருபது வரை. வகுப்பில் ஐந்துக்கு மேல் அவள் சொன்னதில்லை.

பயிற்சி நாளில் ஒரு தவறு செய்தோம். வட்டார வள மையத்தில் இயன்முறைப் பயிற்சி புதன்கிழமை. அவளையும் அன்று வரச் சொன்னோம். புதன்தோறும் பள்ளி போயிற்று, பாடம் தொடர்பற்றது. செவ்வாய் இரவே அழத் தொடங்கிவிடுகிறாள் என்று அம்மா சொன்னார். ஜனவரி முதல் இயன்முறை மருத்துவர் பள்ளிக்கே மாதம் இருமுறை வந்தார். மைய வருகை சனிக்கிழமைக்கு மாறியது. அன்றாடப் பயிற்சியை மூன்று வேலைகளாகச் சுருக்கி ஆசிரியைக்கும் அம்மாவுக்கும் கற்றுக்கொடுத்தார்: உருளையில் உட்காருதல், பலகை பிடித்து நின்றபடி கரும்பலகையில் எழுதுதல், கழிப்பறைக்கு வாக்கரில் போய்வருதல். மாதம் சில மணி நேரமே கிடைக்கும் நிபுணரின் கையைவிட, நாள்தோறும் கிடைக்கும் பள்ளி நேரம் பெரிது.

கண்

எழுத்தில் மட்டும் முன்னேற்றம் இல்லை. கோன் அடுக்கிய விரல்களால் 'ட' போட முடியவில்லை. டிசம்பரில் வகுப்புப் பதிவேட்டில் "மெல்லக் கற்பவர்" என்று ஏறியது. நானும் ஆட்சேபிக்கவில்லை. ஜனவரியில் இயன்முறை மருத்துவர்தான், அவள் தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்ப்பதைக் கண்டு, கண் பார்த்தாயிற்றா என்று கேட்டார். என் பழைய நோட்டைத் திறந்தேன். அம்மா சொன்ன வாக்கியம் 2022 செப்டம்பர் தேதியில் அப்படியே இருந்தது.

பரிசோதனையில் உள்நோக்கிய மாறுகண்ணும், இரு கண்களிலும் பிளஸ் பவரும் தெரிந்தன. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கு, அதிலும் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு, கண் கோளாறு மிகப் பரவலானது. எனக்குத் தெரிந்த பாடம்தான் அது. கண்ணாடியும், நல்ல கண்ணுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் மறைப்பும் கொடுத்தார்கள். சோம்பிய கண்ணைப் பழக்க வயது குறையக் குறைய நல்லது. 16 மாதம் என் கையில் வீணாயிற்று. கண்ணாடி போட்ட மூன்றாம் வாரம், விரல் தடிமனான கோட்டில், 'ட', 'ப', 'ம' எழுதினாள்.

இரண்டாம் ஆண்டு: பின்னடைவும் மீட்சியும்

2024 கோடை விடுமுறையில் தாராபுரம் பக்கம் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக்குப் போனாள். ஒன்றரை மாதத்தில் உயரம் கூடியது, பாதத்தையும் கணுக்காலையும் நேராகத் தாங்கும் கால் ஸ்பிளின்ட் கூடவில்லை. ஜூனில் வந்தபோது இடது கணுக்காலில் புண். குதிகால் தரையில் படவில்லை. எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை நீளாது என்பது கண்முன் நடந்தது. புதிய ஸ்பிளின்ட் கைக்கு வர 9 வாரம் ஆயிற்று. அதற்குள் வாக்கரை விட்டாள். பாதம் பலகையில் படியாததால் கையெழுத்தும் கலைந்தது. எல்லாம் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருப்பதை ஆசிரியை அப்போதுதான் முழுமையாக உணர்ந்ததாகச் சொன்னார்.

மருத்துவர் இறுகிய தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசியையும் யோசித்தார். முதலில் மாவுக்கட்டு முறையைப் பார்ப்போம் என்று முடிவெடுத்தார். வாரம் ஒரு கட்டு, ஒவ்வொன்றிலும் கணுக்காலைச் சிறிது கூடுதலாக மடக்கி, மூன்று வாரம். கட்டின்மேல் வகுப்பே படம் வரைந்தது. இடுப்பு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள், மூட்டு விலகவில்லை. ஆண்டுக்கொருமுறை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு தடை சாய்தளம். பள்ளியில் சாய்தளம் இருக்கிறது என்று எல்லா அறிக்கையிலும் எழுதியிருந்தது. தரைமட்டத்திலிருந்து வகுப்பு 45 செ.மீ. உயரம், சாய்தளத்தின் நீளம் 2 மீட்டர். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விதிப்படி 5.4 மீட்டர் வேண்டும். இருந்த 2 மீட்டர் சாய்தளத்தில் வாக்கர் ஏறாது, இறங்கினால் ஓடும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அப்பா எழுந்து பேசினார். முன்பு ஒரு கூட்டத்துக்கும் வராதவர். ஏழு மாதம் விடாமல் கேட்டு 2025 ஜனவரியில் கட்டி முடித்தார்கள்.

2025 ஏப்ரல் நிலை

வகுப்பிலிருந்து கழிப்பறை 26 மீட்டர். 2024 பிப்ரவரியில் வாக்கரோடு 6 நிமிடம் ஆன அந்தத் தூரம் இப்போது 2 நிமிடம். கழிப்பறையில் உடை சரிசெய்ய மட்டும் துணை தேவை. எழுத்தறிவில் மொட்டு நிலை. மூன்று சொல் வாக்கியங்களை வாசிக்கிறாள். எழுதுவது மெதுவானது என்பதால் விடைகளில் பாதியை வாயால் சொல்ல அனுமதித்திருக்கிறார்கள். எண்ணில் வகுப்பின் முன்வரிசை. பேச்சு வெளியாருக்கும் பெரும்பாலும் புரிகிறது. வேகமாகப் பேசினால் குழறும். "மெல்லக் கற்பவர்" என்ற பதிவு நீக்கப்பட்டது.

குடோனில் மட்டும் இன்னும் சாடைதான். அம்மாவும் மகளும் சத்தத்துக்கு நடுவே கையால் பேசிச் சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதை மாற்றச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

வேறாகச் செய்ய வேண்டியவை

கண் பரிசோதனையை முதல் மாதத்திலேயே, காதுப் பரிசோதனையோடு சேர்த்து முடிக்கவேண்டும். எங்கள் மையத்தில் இப்போது மூளை முடக்குவாதம் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தான். அம்மாக்கள் சொல்வதை எழுதும் பக்கத்தில், "என்ன செய்தோம், எந்தத் தேதி" என்று ஒரு பத்தியும் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

கழிப்பறையைச் சேர்க்கைக்கு முன்பே பார்த்திருக்கவேண்டும். நாற்காலிக்கு நாங்கள் கொடுத்த யோசனையில் பாதி அதற்குப் போதும். கோடை விடுமுறைக்கு முன் ஸ்பிளின்ட் அளவு பார்ப்பதும் அப்படியே. ஏப்ரல் முதல் வாரத்தில் அளந்தால் ஜூனில் புதியது கையில் இருக்கும். இந்த ஆண்டு அப்படிச் செய்தோம்.

புதன்கிழமைத் தவறுக்குக் காரணம் எங்கள் வசதி. மையத்தின் அட்டவணைக்குக் குழந்தையை வளைத்தோம். ஒரு சிறப்பாசிரியைக்குப் பல பள்ளிகள் என்ற நிலையில் பள்ளிக்கு நேரில் போவது கடினம் என்பது உண்மை. ஆனாலும் மாதம் இருமுறை போனாலே போதுமானதாக இருந்தது. நாள்தோறும் நடக்கவேண்டியதை ஆசிரியையும் அம்மாவும் செய்தார்கள்.

ஆறாம் வகுப்புக்கு அம்மிணி 2028 ஜூனில் போகவேண்டும். நடுநிலைப் பள்ளி இரண்டரை கி.மீ. தள்ளி இருக்கிறது. மார்ச் மாதம் அப்பாவும் நானும் டேப்போடு போய் அளந்துவிட்டு வந்தோம். வாசலில் நான்கு படி, ஆறாம் வகுப்பு மாடியில். தலைமையாசிரியரிடம் மனு கொடுத்திருக்கிறோம். வகுப்பைக் கீழே இறக்க யோசிப்பதாகச் சொன்னார். அடுத்த கூட்டம் ஜூலையில்.